கண் ஒத்தடப் பட்டை: எந்த இமை அரிப்புக்கு உதவும்?
மைக்ரோவேவ் அடுப்பில் சில விநாடிகள் சூடாக்கி, மூடிய கண்களின் மேல் வைத்துக்கொள்ளும் ஒத்தடப் பட்டையைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு இருப்பது பிளெஃபரைட்டிஸ் எனப்படும் இமை விளிம்பு அழற்சிதான் என்று கண் மருத்துவர் உறுதிசெய்த பிறகே இதை வாங்கினேன். அந்தக் கோளாறுக்கு இது மிகவும் நல்ல பொருள். ஆனால் பொதியுறையில் அச்சிட்டிருப்பதைப் போல எல்லா வகைக் கண் அரிப்புக்கும் ஏற்றது அன்று.

இமை விளிம்பில் வரிசையாக அமைந்திருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடாமல் காக்கிறது. அந்த எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுரப்பியின் வாயை அடைத்துக்கொண்டால் இமை சிவந்து, உறுத்தி, அரிக்கத் தொடங்கும். காலையில் இமைமயிரின் அடியில் பொருக்கு ஒட்டியிருக்கும். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் சில நிமிடங்கள் தொடர்ந்து கிடைத்தால் எண்ணெய் இளகும். வெந்நீரில் நனைத்த துணி ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடுகிறது. பட்டையோ பத்து நிமிடம் வரை சூட்டைத் தக்கவைக்கிறது என்பதே இதன் முதன்மையான சிறப்பு.

குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் மணிகள் ஒரே சீராகச் சூடாவதில்லை. நடுப்பகுதி கொதிக்கும்போதும் ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால், பட்டையை நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணில் வைக்க வேண்டும். ஒத்தடத்துக்குப் பின் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மென்மையாக நீவி, விளிம்பைச் சுத்தமாகத் துடைத்தால்தான் இளகிய எண்ணெய் வெளியேறும். இந்த இன்றியமையாத குறிப்பு உடன் வந்த தாளில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளிக்கிறது.

இமைப்பூச்சு, நகப்பூச்சு, தலைமுடிச் சாயம், சொட்டுமருந்துகள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு போன்றவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டு அரிப்பவர்களுக்குச் சூடு அரிப்பைக் கூட்டவே செய்யும். நகத்தில் பூசியது இமையை எப்படித் தாக்கும் என்று தோன்றலாம். நாள் முழுவதும் விரல் கண்ணைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது. இவர்களுக்குக் காரணப் பொருளை நிறுத்துவதும் குளிர்ந்த ஒத்தடமும்தான் வழி. இமைமயிர் வேரைச் சுற்றி உருளை வடிவச் செதில்கள் இருந்தால் டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி காரணமாக இருக்கலாம். அதற்கென்றே லோட்டிலானர் சொட்டுமருந்துக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் அளித்தது. அந்தப் பூச்சியை வெறும் ஒத்தடத்தால் ஒழிக்க முடியாது. எந்த வகை அரிப்பானாலும் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லாமல் இமையில் தடவக் கூடாது; தொடர்ந்து தடவினால் கண் அழுத்தம் உயரக்கூடும்.

சுரப்பி அடைப்பு என்று உறுதியானவர்கள் தயங்காமல் வாங்கலாம். கழற்றித் துவைக்கக்கூடிய உறையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் அது இல்லாததால், ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைக்க வேண்டியிருக்கிறது.