டூரிங்குக்கு மழைக் கவர்: என் ஓட்டு ஹாஃப் கவருக்கே

பைக் கவர் விற்பவர்கள் தவறாமல் ஒரு படம் போடுவார்கள். உள்ளங்கையில் ஒரு குட்டிப் பை, பக்கத்தில் தலை முதல் கால் வரை போர்த்திய பைக். அந்தப் பையைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். அது காய்ந்த துணியை, மேஜை மேல் விரித்து, காற்றை வெளியேற்றி மடித்த அளவு. பயணத்தில் நாம் மடிப்பது விடியற்காலையில், தூறலுக்கு நடுவே, சொட்டச் சொட்ட நனைந்த துணியை. அதை எவ்வளவு நேரத்தில் சுருட்ட முடிகிறது, சுருட்டியதை மற்ற சாமான்களை நனைக்காமல் எங்கே வைக்க முடிகிறது? டூரிங் கவர் என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

என்னிடம் இருப்பது 70 டீனியர் ரிப்ஸ்டாப் நைலானில் தைத்த ஹாஃப் கவர். முன்னால் விண்ட்ஸ்கிரீன், கண்ணாடிகள், மீட்டர், டேங்க், பின்னால் சீட் முழுவதும் மூடும். எஞ்சினின் தலைக்கு மேலேயே நின்றுவிடும். சக்கரம், செயின், சைலன்சர் எல்லாம் வெளியேதான். எடை அரைக் கிலோவுக்குள். சில மழைக்காலங்களாக என்னோடு சுற்றுகிறது, இன்னும் கிழியவில்லை.

டீனியர் என்பது துணியின் எண் அல்ல, நூலின் எண். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் கணக்கு. 70 டீனியர் என்றால் அவ்வளவு நீள நூலும் 70 கிராம்தான். வீட்டு வாசலில் நிரந்தரமாகப் போட்டுவைக்கும் கவர்கள் 300 டீனியர் பாலியெஸ்டரில் வரும். உறுதியானவை, வெயிலையும் தாங்கும். ஆனால் பையில் பாதியை அவையே பிடித்துக்கொள்ளும். சில கவர்களில் 190T என்று போட்டிருப்பார்கள். அது ஒரு அங்குலத்தில் ஓடும் நெடுக்கு, குறுக்கு நூல்களின் மொத்த எண்ணிக்கை. டீனியருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் 190 பெரிய எண்ணாச்சே என்று 70-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். ரிப்ஸ்டாப் என்பது துணியில் தெரியும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்தின் கோடுகளில் தடித்த நூல் ஓடுவதால், முள் குத்திக் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

மழையில் ஓட்டவே செய்த வண்டிக்குக் கவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எஞ்சினுக்கும் செயினுக்கும் கவர் தேவையில்லை, செயினுக்கு வேண்டியது எண்ணெய். கவர் வேண்டியது சீட்டுக்கு. இரவெல்லாம் நனைந்தால் தையல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்பான்ஜ் முழுக்க ஊறிவிடும். காலையில் மேலே துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும், நம் எடையில் அது கசிந்து மேலே வரும். மழை கோட் போட்டிருந்தாலும் சில மணி நேரத்தில் குளிர் உறைக்கும். அடுத்து சாவித் துவாரம், போன் சார்ஜ் செய்யும் சாக்கெட், நாமே பிற்பாடு இழுத்துவிட்ட வயர்கள். அப்புறம் மனிதர்கள். போர்த்தி வைத்த வண்டியின் ஸ்விட்சுகளை யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. இந்த மூன்றும் ஹாஃப் கவருக்கு அடங்கிவிடுகின்றன.

ஃபுல் கவரில் எனக்கு இருக்கும் முதல் மனக்குறை சூடு. நாள் முழுக்க ஓட்டிவிட்டு மழையில் வந்து நிற்கிறோம், உடனே போர்த்த வேண்டும். ஆனால் எஞ்சினிலிருந்து இறங்கும் வளைகுழாய் அப்போதுதான் கொதித்துக்கொண்டிருக்கும். நைலான் 6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டி. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் குழாய் இரண்டையுமே சுலபமாகத் தாண்டும். துணி முழுக்க உருகாவிட்டாலும், தண்ணீர் புகாமலிருக்க உள்ளே பூசிய பூச்சு அதற்கு முன்பே இளகி ஒட்டிக்கொள்ளும். என்னோடு வந்த நண்பர் ஒருவரின் புதுக் கவர் சைலன்சரில் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க அவர் பட்ட பாடு எங்கள் குழுவில் இன்னும் பேச்சு. சைலன்சர் படும் இடத்தில் அலுமினியப் பூச்சுள்ள வெப்பத் தடுப்புத் துணி வைத்துத் தைத்த கவர்களும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கனத்தையும் சேர்க்கிறது, மடிப்பையும் கெடுக்கிறது. அந்தத் துணி சரியாக உங்கள் சைலன்சருக்கு நேரே வரும் என்பதற்கும் உறுதி இல்லை. ஹாஃப் கவரை இறங்கிய கையோடு போர்த்தலாம். சைலன்சர் சீட்டை ஒட்டி உயரத்தில் போகும் ஸ்கிராம்ப்ளர் மாதிரி வண்டிகளுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது.

இரண்டாவது காற்று. தரை வரை தொங்கும் துணி காற்று பிடித்தால் பாய்மரம் மாதிரி வண்டியை இழுக்கும். சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடக்கூட வாய்ப்பு உண்டு. ஃபுல் கவர்தான் வேண்டும் என்றால் வயிற்றுக்கு அடியில் கட்டும் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். காற்று ஸ்டாண்ட் இருக்கும் பக்கமாகத் தள்ளும்படி வண்டியை நிறுத்தி, முதல் கியரில் விட்டுவிடுவது நல்லது. வண்டியில் அலாரம் இருந்தால் படபடக்கும் துணியே அதை அலற வைக்கும். நள்ளிரவில் ஓடிப்போய் அணைக்கும் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுவார்கள்.

மூன்றாவது புழுக்கம். ஏற்கெனவே நனைந்த வண்டியைத் தரை வரை மூடினால் எஞ்சின் சூட்டில் எழும் நீராவி வெளியே போக வழியில்லாமல் துணியின் உள்பக்கம் துளித் துளியாகக் கோத்துத் திரும்பச் சொட்டும். காற்றுத் துளைகள் வைத்த கவர் ஓரளவு உதவும். கீழே திறந்த ஹாஃப் கவரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மழையில் நிற்கும் பிரேக் டிஸ்க்கில் காலையில் மெல்லிய துருப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், முதல் சில பிரேக்கில் போய்விடும்.

நீர் தாங்கும் திறனுக்கு ஒரு எண் போடுவார்கள்: 1,500 மில்லிமீட்டர், 3,000, 5,000. துணியின் ஒரு பக்கம் தண்ணீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுபக்கம் துளி கசியும்போது அந்த அழுத்தம் எவ்வளவு உயர நீருக்குச் சமம் என்று அளப்பது. ஐஎஸ்ஓ 811 என்ற தரநிலை இந்தச் சோதனைக்குத்தான். பைக் கவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் தேங்கும்? சீட்டின் குழிவில் நாலைந்து சென்டிமீட்டர் தேங்கினால் அதிகம். கூடாரத்தின் தரைத்துணி மாதிரி மேலே யாரும் முழங்கால் ஊன்றப் போவதும் இல்லை. 1,500 தாராளம். அதற்கு மேல் போட்டிருக்கும் எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஒழுகுவது துணியில் அல்ல, தையலில். பெரும்பாலான கவர்களில் டேங்க் முதல் சீட் வரை நட்டநடுவே ஒரு தையல் ஓடும், அதாவது தண்ணீர் தேங்கும் இடத்திலேயே ஊசித் துளைகள். என் கவரை வாங்கியதற்கு முக்கியக் காரணம், தையல்கள் இரு ஓரங்களில் ஓடுகின்றன, உள்பக்கம் அவற்றின் மேல் டேப் ஒட்டியிருக்கிறது.

சோதிப்பது சுலபம். காய்ந்த வெள்ளைத் துண்டைச் சீட்டில் விரித்து, மேலே கவரைப் போட்டு, குழிவில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துண்டே சொல்லிவிடும். டேப் இல்லாத கவர் என்றால் தையல் அடைக்கும் பசை தனியாகக் கிடைக்கிறது. பூச்சு பாலியூரிதேனா சிலிக்கோனா என்று பார்த்து அதற்கேற்ற பசையை வாங்குங்கள். சிலிக்கோன் ஏற்றிய நைலான் இன்னும் லேசானது, இன்னும் சின்னதாக மடியும். ஆனால் நனைந்தால் நீண்டு தொய்ந்துவிடும், சாதாரண டேப் அதில் ஒட்டாது.

இப்போது மடிப்பதற்கு வருகிறேன். கவரைக் கழற்றிவிட்டு மடிக்கப் போனால் தரையில் இழுபட்டு மண் அப்பும். அந்த மண்தான் மறுநாள் டேங்கில் கீறல் போடும். கவர் வண்டி மேல் இருக்கும்போதே தண்ணீரை ஒருமுறை உதறிவிட்டு, இடது ஓரத்தைத் தூக்கி சீட் மேல் மடித்துப் போடுங்கள், அதே மாதிரி வலது ஓரத்தையும். நனைந்த பக்கம் நனைந்த பக்கத்தோடு உள்ளே போய், காய்ந்த உள்பக்கம் வெளியே வந்துவிடும். இனி பின்னாலிருந்து முன்னால் இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போனால் தண்ணீர் பிதுங்கி ஓரமாக வடியும். சீட்டும் நனையாது, கையும் அவ்வளவாக நனையாது. ஃபுல் கவரில் இதைச் செய்து பாருங்கள், சுருட்டும் துணி தலையணை அளவு திரண்டு நிற்கும்.

சுருட்டியது கம்பெனிப் பையில் நுழையாது. என் கவரோடு வந்த பை அப்படித்தான், காய்ந்தால்கூட மல்லுக்கட்ட வேண்டும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒன்றரை மடங்கு பெரிய வலைப் பையில் வைக்கிறேன். வலைப் பை, சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டியான டாப் பாக்ஸுக்கு வெளியே, மேலே, இரண்டு வாரில் இறுக்கிக் கட்டப்பட்டுப் போகும். ஓடும் காற்றில் மதியத்துக்குள் பாதி காய்ந்துவிடும். வெறும் கவரை எலாஸ்டிக் வலைக்குள் செருகி வைக்க வேண்டாம். ஒரு முனை நழுவினாலும் செயினோ பின்சக்கரமோ அதை இழுத்துக்கொள்ளும், அது விளையாட்டல்ல. பயணம் முடிந்ததும் நிழலில் விரித்து முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டிப் போட்டால் பாலியூரிதேன் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து, நாறி, உரிய ஆரம்பிக்கும். நிழல் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு, நைலானுக்கு வெயில் ஆகாது.

சைஸுக்கு சிசி கணக்கு பார்க்காதீர்கள். ஒரே சிசியில் ஒல்லி வண்டியும் உண்டு, அகன்ற வண்டியும் உண்டு. கண்ணாடி முனையிலிருந்து மறு கண்ணாடி முனை வரை, விண்ட்ஸ்கிரீன் உச்சியிலிருந்து பின்விளக்கு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் டாப் பாக்ஸை இரவில் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவேன். பெட்டியோடு விடுபவர்கள் அதன் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

என் கவரில் குறைகள் இல்லாமல் இல்லை. பக்கிள் சின்னது, கையுறையோடு மாட்ட முடியாது. விண்ட்ஸ்கிரீன் படும் இடத்தில் உள்ளே மிருதுவான துணி வைக்கவில்லை, அந்த பிளாஸ்டிக்கோ லேசாகத் தேய்த்தாலே கோடு விழும் ரகம். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று இருட்டில் தெரியாது. முன் ஓரத்தில் ஒளி பிரதிபலிக்கும் டேப்பை நானே ஒரு துண்டு தைத்துக்கொண்டேன், டார்ச் அடித்தால் பளிச்சென்று காட்டுகிறது.

ஒரே இடத்தில் பல நாள் நிறுத்தப் போகிறவர்களும், கடற்காற்று அடிக்கும் இடத்தில் தங்குபவர்களும் கனமான ஃபுல் கவரே எடுத்துக்கொள்ளலாம், வண்டி ஆறும் வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இருக்கும். இரவுதோறும் கூரைக்கு அடியில் இடம் கிடைக்கிறது என்றால் எலாஸ்டிக் வைத்த வெறும் சீட் கவர் போதும், சட்டைப் பையிலேயே அடங்கிவிடும்.