பிளட்குட்டா, எம்பரர் ஒன்னா? ஒன்டாரியோ முற்றத்துக்கு எந்தச் சிவப்பு மேப்பிள்

டொரான்டோ பக்கத்து நர்சரிகளில் நிமிர்ந்து வளரும் சிவப்பு ஜப்பானிய மேப்பிள் கேட்டால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் காட்டுவார்கள்: பிளட்குட் அல்லது எம்பரர் ஒன். இரண்டும் ஏசர் பால்மேட்டம் இனத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள். ஜூன் மாதத்தில் அருகருகே நிறுத்தினால் பழகிய கண்ணுக்கும் சட்டென்று வேறுபாடு பிடிபடாது. அதனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒன்றை எடுத்துவருவது இயல்புதான். ஆனாலும் எம்பரர் ஒன்னைத் தேடி வாங்குங்கள் என்றே சொல்வேன். நிறமோ வடிவமோ அதற்குக் காரணமில்லை. வசந்தத்தில் எது எப்போது துளிர்விடுகிறது என்பதுதான் காரணம்.

மற்ற ஒப்பீடுகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. எம்பரர் 15 அடி அளவில் நிற்கும், பிளட்குட் 15 முதல் 20 அடி வரை போகும். இலையுதிர் காலத்தில் இரண்டும் பளிச்சென்ற செஞ்சிவப்பாகும். இரண்டுக்கும் காலை வெயில் 4 முதல் 6 மணி நேரம் வேண்டும். நிழல் கூடினால் சிவப்பு மங்கி, பச்சை கலந்த செம்பு நிறம் ஏறிவிடும். எம்பரரின் இலை சற்று மெல்லியது, வெயிலுக்கு எதிரே பார்த்தால் ஒளி ஊடுருவித் தெரியும். பிளட்குட்டின் இலை அடர்த்தியான கருஞ்சிவப்பு. அதன் இறகு போன்ற சிவப்பு விதைகளும் கோடையில் தனி அழகு. லாங் ஐலண்டின் பிளட்குட் நர்சரியின் பெயரைத் தாங்கிய வகை அது. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விருதும் அதற்கு உண்டு. அழகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் பிளட்குட் தோற்காது.

பத்து நாள் செய்யும் வேலை

ஜப்பானிய மேப்பிளுக்கு ஒன்டாரியோவின் ஜனவரிதான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு வகையுமே நன்றாக வேர்பிடித்தபின், உறக்கத்தில் இருக்கும்போது −25 டிகிரி வரை தாங்கக்கூடியவை. அடிபடுவது மே மாதத்தில். இறுக மூடிய மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். அதே மொட்டு வீங்கத் தொடங்கியதும் அந்தத் திறன் நாளுக்கு நாள் குறையும். விரிந்த இளந்தளிருக்கோ −2 டிகிரியில் சில மணி நேரம் போதும். திசுவுக்குள் பனிக்கட்டி உண்டாகி உயிரணுக்கள் கிழியும். காலையில் வெந்நீர் ஊற்றிய கீரை போலத் துவண்டு, மறுநாளே கருகித் தொங்கும்.

ஏப்ரல் கடைசியில் நாலைந்து நாள் வெயில் சேர்ந்தாற்போல் அடித்தால் பிளட்குட் துளிர்த்துவிடும். எம்பரர் அதைவிட ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிந்தும். டொரான்டோ வட்டாரத்தில் மே இரண்டாம் வாரம் வரை உறைபனி வருவது புதிதல்ல, சில ஆண்டுகளில் மூன்றாம் வாரத்திலும் வந்திருக்கிறது. விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கள் கழியும் வரை தக்காளி நாற்றை வெளியே வைக்கவேண்டாம் என்று இங்கே சொல்வதும் இதனால்தான். பிளட்குட்டின் இலைகள் நன்றாக விரிந்திருக்கும் அந்த நாள்களில் எம்பரர் இன்னும் பாதி மொட்டாக இருக்கும். வேறுபாடு முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் முழு இரண்டு வாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஏப்ரல் முழுக்கக் குளிர்ந்து, மே தொடக்கத்தில் வெயில் திடீரென ஏறினால் இடைவெளி சில நாள்களாகச் சுருங்கிவிடும். மே 20க்குப் பிறகு உறைபனி வந்தால் எம்பரரும் தப்பாது.

ஒருமுறை தளிர் கருகினால் மரம் செத்துவிடாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில், ஒதுங்கிக்கிடந்த துணை மொட்டுகளிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் அந்த இரண்டாம் துளிருக்கான மாவுச்சத்து, முந்தைய கோடையில் வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த இருப்பிலிருந்து போகிறது. நட்டு மூன்று ஆண்டுகூட ஆகாத கன்றுக்கு அந்த இருப்பே சொற்பம். அடுத்தடுத்து இரண்டு வசந்தம் இப்படிப் போனால் கிளை நுனிகள் காய்ந்து, நடுவே பொந்து விழுந்த மரமாகிவிடும். வசந்தம் ஈரமாகவும் இருந்தால் இன்னொரு தொல்லை சேரும். உறைபனி கிழித்த தளிர் வழியே சூடோமோனாஸ் பாக்டீரியா நுழைந்து, இளங்கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுக்கும். “குளிர்காலத்தில் பட்டுப்போச்சு” என்று சொல்லப்படும் கன்றுகளில் பல இப்படி மே மாதத்தில் அடிபட்டவைதான்.

ஒன்டாரியோ ஏரிக்கு அருகே, ஸ்காபரோவின் தெற்கு ஓரம் போன்ற இடங்களில், இந்த வேறுபாடு குறையும். ஏரி பகல் சூட்டைத் தணித்துத் துளிரைப் பிந்தவைக்கும், இரவுக் குளிரையும் மட்டுப்படுத்தும். மார்க்கம், ஸ்டௌவில், பிராம்ப்டன் என்று உள்ளே போகப்போகப் பகல் சூடு கூடும், தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிரும். மேப்பிளுக்கு இதைவிட மோசமான சேர்க்கை இல்லை. ஆகவே உள்நாட்டு முற்றங்களுக்கு எம்பரர் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நடும் இடத்துக்கும் இதில் பங்குண்டு. வீட்டின் தெற்குப் பக்கச் செங்கல் சுவரோரம் கதகதப்பாக இருக்கும் என்று அங்கே நடுவது வழக்கம். அந்தச் சுவர் ஏப்ரலிலேயே மரத்தை எழுப்பிவிடும், ஜூலையில் இலையோரத்தையும் கருக்கும். கிழக்குப் பக்கமே நல்லது. சரிவின் அடிவாரம் வேண்டாம், குளிர்காற்று தண்ணீர்போல் வழிந்து அங்கேதான் தேங்கும்.

பிளட்குட் ஏற்கெனவே முற்றத்தில் நின்றால்

பிடுங்க வேண்டியதில்லை. மே மாதத்தில் இரவு வெப்பம் 2 டிகிரிக்குக் கீழே போகும் என்ற அறிவிப்போடு வானமும் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், மாலையே ஆயத்தமாகுங்கள். காய்ந்த மண்ணுக்குப் பகலிலேயே தண்ணீர் விட்டுவிடுங்கள், ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும். இருட்டுமுன் பழைய படுக்கைவிரிப்பால் மரத்தை மூடி, அதன் ஓரம் தரையைத் தொடும்படி இழுத்துக் கல் வையுங்கள். மரத்தைக் காப்பது தரையிலிருந்து எழும் சூடு. தண்டோடு சேர்த்துக் குடைபோலக் கட்டினால் அந்தச் சூடு உள்ளே வராது. பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது தொடும் இடத்து இலையெல்லாம் உறையும். காலையில் வெப்பம் ஏறியதும் விரிப்பை எடுத்துவிட வேண்டும். பத்தடிக்கு மேல் வளர்ந்த மரத்தை இப்படி மூடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. மரம் உயர உயர, பிந்தித் துளிர்க்கும் குணத்தைத் தவிர வேறு காவல் இல்லை என்பதும் எம்பரரின் பக்கம் சேரும் ஒரு கணக்கு.

மூடியும் கருகிவிட்டால் உடனே கத்தரியை எடுக்காதீர்கள். நான்கு வாரம் பொறுத்து, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது, பழுப்பானதை மட்டும் வெட்டுங்கள். அவசரப்பட்டு உரமும் போடவேண்டாம். தழைச்சத்து தூண்டிவிடும் மெல்லிய வளர்ச்சி முற்றாமல் அடுத்த குளிர்காலத்தில் சிக்கும்.

வாங்கும்போது பிளட்குட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் விதையில் முளைத்த கன்றுகளும் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. விதைக்கன்று தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை, சில ஜூலையிலேயே பச்சையாகிவிடும். தண்டின் அடியில் சிறு வளைவோ தடிப்போ தெரிந்தால் அது ஒட்டுக்கன்று. ஒட்டுக்குக் கீழிருந்து பச்சைத் தளிர் கிளம்பினால், அது வேர்ச்செடியின் தளிர். அடியோடு அறுத்துவிடுங்கள், விட்டால் மேல்மரத்தை முந்திவிடும்.

நடுகையில் இரண்டுக்கும் ஒரே முறைதான். இங்குள்ள களிமண்ணில் குழியின் ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது, அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. வேர்ப்பந்தின் மேற்பகுதி தரையைவிட 3 முதல் 5 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். குழிக்குள் கம்போஸ்ட் நிரப்பினால், சுற்றிலும் களிமண் சூழ்ந்த அந்த இடம் மழைக்குக் கிண்ணம்போலத் தண்ணீரைத் தேக்கி வேரை அழுகவைக்கும். தோண்டிய மண்ணையே திருப்பி இடுங்கள். மேலே 5 முதல் 8 செ.மீ. மரச்சீவல் மூடாக்கு போதும், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள். ஐந்தடிக் கன்றுக்கு முதல் இரண்டு கோடையும் மழையில்லாத வாரத்தில் இருமுறை, முறைக்கு 20 லிட்டர். டிரைவ்வேயில் உப்புத் தூவும் வீடாக இருந்தால் அதிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். நவம்பரில் தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டாவிட்டால் பனிக்காலத்தில் முயல் பட்டையைக் கடித்து வளையமாக உரித்துவிடும். கவாத்து ஜூலையில். மார்ச், ஏப்ரலில் வெட்டினால் சாறு ஒழுகிக்கொண்டே இருக்கும்.

நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பின்முற்றத்தில் ஆண்டுதோறும் கத்தரி, தக்காளி, மிளகாய் போட்ட பாத்தியில் மேப்பிளை நடாதீர்கள். வெர்டிசிலியம் என்ற வாடல் நோய்ப் பூஞ்சை இந்தச் செடிகளிலும் பெருகும், மேப்பிளையும் தாக்கும், மண்ணில் பல ஆண்டு கிடக்கும். கோடை நடுவில் ஒரு கிளை மட்டும் திடீரென வாடினால் அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கட்டையில் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் இதுதான். மருந்து கிடையாது. எம்பரரானாலும் பிளட்குட்டானாலும் தப்பாது.

ஏரியோரம் வீடு, கோடை நடுவில் அடர்ந்த கருஞ்சிவப்பு வேண்டும், ஒட்டுக்கன்று என்று உறுதியாகத் தெரிகிறது என்றால் பிளட்குட்டைத் தாராளமாக எடுங்கள். ஒட்டாவா பக்கம் இருப்பவர்களுக்கோ இந்த இரண்டுமே துணிச்சலான தேர்வுகள். அங்கே கொரிய மேப்பிளைப் பாருங்கள். கோடையில் பச்சை இலைதான், ஆனால் அக்டோபரில் ஆரஞ்சும் சிவப்புமாக எரியும், குளிரையும் இவற்றைவிட நன்றாகத் தாங்கும்.