மூன்று சர்வர் என்று காட்டி ஒரே சர்வரை ஓட்டினார்கள், 1,85,000 ரூபாய் போனது: ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் கவனம்

"உங்க ஆப் சர்வரை அப்டேட் பண்ணி, எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்குற மாதிரி ஸ்கேல் பண்ணித் தர்றோம்" என்று யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் 1,85,000 ரூபாய் வாங்கினார்கள். வேலையைச் செய்யவில்லை, செய்த மாதிரி காட்டினார்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் லாக், ஸ்கிரீன்ஷாட் என்று ஆதாரம் இருக்கிறது. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளம், அதில் நல்ல ரேட்டிங்கோடு இருந்த ஒரு சின்ன ஐடி கம்பெனி. இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்காவுக்கு இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி விற்க ஆரம்பித்தது, பிறகு சொந்தமாக வெப்சைட் போட்டோம். சைட் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். முன்னால், வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல், நடுவில் ஜாவா புரோகிராம் ஓடும் டாம்கேட் 8.5. லாகின், ஓடிபி, கூடை, ஸ்டாக் கழிப்பது, பேமெண்ட் வந்ததா என்று பார்ப்பது எல்லாமே அந்த நடு அடுக்கில்தான் நடக்கும். அதைத்தான் ஆப் சர்வர் என்கிறோம், கடையின் மூளை அது.

அதில் இரண்டு வேலை பாக்கி இருந்தது. ஒன்று, டாம்கேட் 8.5 வரிசைக்கு 2024 மார்ச் 31-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஓட்டை வெளியே தெரிந்தாலும் அடைப்பு வராது. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்தில் 2017-ல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் திருடுபோனது இப்படித்தான். அவர்களுடைய வெப் அப்ளிகேஷனில் இருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு மார்ச்சிலேயே அடைப்பு வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டதால் மே மாதம் உள்ளே நுழைந்தார்கள். எங்களிடம் இருப்பதும் வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் வீட்டு முகவரியும்தான். இரண்டாவது, தீபாவளி சேல். ஒரே சர்வர் அந்தக் கூட்டத்தைத் தாங்காது என்று முந்தைய வருடமே தெரிந்துவிட்டது.

பேசியது இதுதான்: டாம்கேட் 10.1-க்கு மாற்ற வேண்டும், மூன்று ஆப் சர்வர் வைத்து வருகிறவர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரை முன்னால் போட வேண்டும், ஒவ்வொரு சர்வராக நிறுத்தி அப்டேட் செய்தாலும் கடை மூடக் கூடாது, லோட் டெஸ்ட் ரிப்போர்ட் தர வேண்டும். அட்வான்ஸ் 75,000, பாதி வேலையில் 60,000, முடிவில் 50,000. மொத்தம் 1,85,000.

நம்பிக்கை வந்தது அந்த வீடியோ கால் டெமோவில்தான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதையேதான் காட்டுவார்கள். ஸ்கிரீனில் மூன்று சர்வரும் பச்சையாக எரிந்தன. "இப்போ பாருங்ணா, ரெண்டாவது சர்வரை நானே கொல்றேன்" என்று அந்தக் கம்பெனி ஆள் சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே அதை நிறுத்தினான். பச்சை சிவப்பானது. "இப்போ உங்க போன்ல சைட்டைத் திறங்க." திறந்தோம், ஓடியது. மூன்றாவதையும் நிறுத்தினான், அப்போதும் ஓடியது. அக்கா என் தோளைத் தட்டி, "தைரியமா சேல் போடலாம்டா" என்றாள். பிறகு பிழைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அடியில் டாம்கேட் 10.1 என்று எழுதியிருப்பதைக் காட்டினான். 5,000 பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும் என்று ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் எடுத்த ரிப்போர்ட், வண்ண வண்ண வரைபடத்தோடு பிடிஎஃப்பாக வந்தது. கடைசித் தவணை அன்று இரவே போனது.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 7 மணிக்கு சேல் திறந்தோம். முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்தது. லாகின் சுற்றியது, கூடை சுற்றியது, பணம் கட்டும் இடத்தில் 60 நொடி காத்திருந்துவிட்டு 504, அதாவது உள்ளே இருக்கும் சர்வர் பதில் தரவில்லை என்று வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், நிறையப் பேருக்கு யுபிஐ-யில் பணம் பிடித்தாகிவிட்டது. பணம் வந்தது என்று பேமெண்ட் கேட்வே அனுப்பிய தகவலை வாங்கிக்கொள்ள எங்கள் ஆப் சர்வருக்கு மூச்சில்லை. அதனால் ஆர்டர் பதிவாகவில்லை. எட்டு மணிக்குள் அக்கா போனுக்கு இடைவிடாமல் அழைப்பு. வருடக்கணக்காக எங்களிடம் வாங்கும் ஒரு அம்மா, "காசு போயிருச்சு, சேலை புக் ஆகலைன்னா இதுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அழுதுவிட்டாள். ஊரில் யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காதவள் அவள்.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல் பதில்: "சைட் ஓடுதுங்ணா, எனக்குத் திறக்குதே. உங்க நெட்டா இருக்கும்." முகப்புப் பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடுது என்கிறான்! அது கேஷில், அதாவது முன்பே எடுத்து வைத்த நகலாக இருக்கும் பக்கம், ஆப் சர்வர் செத்துக் கிடந்தாலும் வரும். அடுத்தது, "க்ளவுட் கம்பெனி பக்கம் ஏதோ பிரச்சனையாம்". அதற்கடுத்தது, "டேட்டாபேஸ் ஸ்லோங்ணா, அது நம்ம ஸ்கோப்ல இல்ல". கடைசியில் வெட்கமே இல்லாமல், "ஆட்டோ ஸ்கேலிங் போட்டாத்தான் தாங்கும், அது தனி, 60,000 ஆகும்". 1,85,000 வாங்கிக்கொண்டு, கடை எரிந்துகொண்டிருக்கும்போது இன்னும் 60,000 கேட்கிறான். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும்.

பெங்களூரில் இதே வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் அன்று இரவு உட்கார்ந்தான். க்ளவுட் கணக்கு எங்கள் பெயரில் இருந்ததால் உள்ளே போக முடிந்தது. லோட் பேலன்சரின் கான்ஃபிக் ஃபைலை, அதாவது அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்து, "மச்சி, இந்த இடத்தைப் பாரு" என்றான். மூன்று சர்வருக்கும் மூன்று வரி. முதல் வரியில் ஐபி, போர்ட் 8080, செமிகோலன். இரண்டாவது, மூன்றாவது வரிகளில் செமிகோலனுக்கு முன்னால் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது: 'டவுன்' (down). அந்த வார்த்தை இருந்தால், லோட் பேலன்சராக வேலை செய்யும் என்ஜின்எக்ஸ் அந்தச் சர்வருக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பாது. அவன் டெமோவில் நிறுத்திக் காட்டியது அந்த இரண்டைத்தான்! யாருமே போகாத சர்வரை நிறுத்தினால் கடை எப்படி நிற்கும்? ஃபைல் கடைசியாக மாற்றப்பட்டது டெமோவுக்கு முந்தைய இரவு. அந்த இரண்டு சர்வருக்கும் மாத வாடகை மட்டும் எங்கள் கார்டில் போய்க்கொண்டிருந்தது.

ஏன் அப்படி வைத்தான் என்பதும் லாக்கில் தெரிந்தது. எங்கள் புரோகிராம் செஷனை, அதாவது யார் லாகின் செய்தார், கூடையில் என்ன இருக்கிறது என்ற நினைவை, டாம்கேட்டின் மெமரியிலேயே வைத்திருக்கும். ஒருவர் முதல் சர்வரில் ஓடிபி கேட்பார், அது அங்கே இருக்கும். அவர் ஓடிபி அடிக்கும்போது லோட் பேலன்சர் இரண்டாவது சர்வருக்கு அனுப்பிவிட்டால், "அப்படி ஒரு ஓடிபி இல்லை" என்று வரும். கூடையில் போட்ட சேலையும் அப்படியே காணாமல் போகும். ஸ்கேல் பண்ணுவதில் முதல் பாடமே இதுதான். செஷனை ரெடிஸ் மாதிரி பொது இடத்துக்கு மாற்றி, எந்தச் சர்வர் எடுத்தாலும் ஒன்றுதான் என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 'ஐபி ஹேஷ்' என்று ஒரு வரி போட்டால் ஒரே ஆள் ஒரே சர்வருக்குப் போவார். அரைகுறை வைத்தியம்தான், சர்வர் விழுந்தால் கூடையும் விழும். அதைக்கூட அவன் போடவில்லை. இரண்டு சர்வருக்கும் ஆளே போகாமல் தடுத்துவிட்டு, மூன்று ஓடுகிறது என்று சொன்னான். டெமோவுக்கு முந்தைய வாரம் சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே மெசேஜ் மூன்று முறை போனது. கேட்டபோது எஸ்எம்எஸ் கம்பெனி மேல் பழியைப் போட்டான். நேரம் பார்த்து மெசேஜ் அனுப்பும் வேலை மூன்று சர்வரிலும் தனித்தனியாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

லோட் டெஸ்ட்? ரிப்போர்ட்டில் உள்ள தேதிக்கு ஆக்சஸ் லாக்கை, அதாவது எந்தப் பக்கத்தை யார் கேட்டார் என்ற பதிவை எடுத்துப் பார்த்தோம். அத்தனை கோரிக்கையும் முகப்புப் பக்கத்துக்கு மட்டுமே. லாகின் இல்லை, கூடை இல்லை, பேமெண்ட் இல்லை. டாம்கேட்டில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட் எண்ணிக்கை தானாக வரும் 200-லேயே இருந்தது. மூன்று சர்வரும் நிஜமாகவே ஓடியிருந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு 100 இணைப்பு வரை திறக்கலாம் என்று அமைத்திருந்தான், மைஎஸ்கியூஎல் மாற்றாமல் விட்டால் மொத்தமே 151-தான் ஏற்கும். இந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காதவன் "டேட்டாபேஸ் ஸ்லோ" என்று எங்களிடம் பேசினான்.

எனக்கு ரத்தம் கொதித்தது இதற்குப் பிறகுதான். நண்பனுக்கு அந்த 10.1 என்ற வெர்ஷன் மீதும் சந்தேகம் வந்தது. டாம்கேட் 10-லிருந்து 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் சர்வ்லெட் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. பழைய புரோகிராமை அப்படியே வைத்தால் ஓடாது. புரோகிராம் கோடிங்கை மாற்ற வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள மாற்றிக் கருவி வழியாகப் போக வேண்டும். எங்கள் கோடிங்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கருவியும் ஓட்டவில்லை. பிறகு எப்படி ஓடுகிறது? டாம்கேட்டின் 'bin' ஃபோல்டரில் வெர்ஷன் காட்டும் ஸ்கிரிப்டை ஓட்டினான். 8.5 என்று வந்தது. பழைய அதே 8.5. 'lib' ஃபோல்டருக்குள் சின்னதாக ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் வைத்து, வெளியே தெரியும் பெயரை மட்டும் 10.1 என்று மாற்றியிருக்கிறான். வெர்ஷனை வெளியாட்களிடம் மறைக்க அட்மின்கள் செய்யும் வேலை அது. அதை வாடிக்கையாளரை ஏமாற்றப் பயன்படுத்தியிருக்கிறான். தெரியாமல் செய்த தப்பு என்று இதற்கு யாரும் சப்பைக்கட்டு கட்ட முடியாது. இது திருட்டு. எங்கள் வாடிக்கையாளர்களின் முகவரி எல்லாம் ஆதரவு நின்றுபோன சர்வரில் திறந்து கிடக்கிறது என்று தெரிந்தே செய்தான்.

அந்தத் தளத்தில் புகார் போட்டோம். "மூன்று மைல்ஸ்டோனையும் (தவணைக் கட்டத்தையும்) நீங்களே அப்ரூவ் செய்திருக்கிறீர்கள், தகராறு எழுப்பும் காலம் முடிந்துவிட்டது" என்று ரெடிமேட் பதில். டெமோ பொய் என்று கான்ஃபிக் ஃபைலோடு திரும்ப எழுதினேன். அதே பதில், கீழே வேறு பெயர். கம்பெனிக்காரனோ ஜிஎஸ்டி பில்லும் தரவில்லை. 1,85,000 ரூபாய்க்கு எங்களிடம் இருப்பது யுபிஐ ரசீதும் அந்தப் பிடிஎஃப்பும்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் என்று வழக்குப் போட முடியாது, சுயதொழில் செய்து பிழைக்கிறவர் என்று காட்டினால் வழி உண்டு என்றார். அக்காவுக்கு அது பொருந்தும். நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். ரீஃபண்ட் கேட்டு இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டெமோவில் எந்தச் சர்வரை நிறுத்துவது என்பதை நீங்கள் சொல்லுங்கள், முதலாவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு முன் லாகின் செய்து கூடையில் பொருளைப் போட்டு வையுங்கள், நிறுத்திய பிறகும் அது அங்கேயே இருக்க வேண்டும். வெர்ஷனைப் பிழைப் பக்கத்தில் பார்க்காதீர்கள், ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லோட் டெஸ்டில் லாகினும் பேமெண்டும் இருந்ததா என்று லாக்கில் பாருங்கள். க்ளவுட் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். கடைசித் தவணையை ஒரு பெரிய விற்பனை நாள் தாண்டிய பிறகு கொடுப்பதாக எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது வேலை கொடுத்து முடித்திருக்கிறீர்களா? நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். லோட் பேலன்சர் கான்ஃபிக்கைத் திறந்து, செமிகோலனுக்கு முன்னால் 'டவுன்' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.