மரக்கட்டை மேடா, செங்கல் பாத்தியா, வளர்ப்புப் பையா: கொல்லைக் காய்கறிக்கு எது?

கொல்லையில் காய்கறி போட நினைப்பவர்கள் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. தென்னைநார்த் தூள் நிரப்பிய வளர்ப்புப் பை, செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ கட்டி மண் கொட்டும் பாத்தி, மரக்கட்டைகளைப் புதைத்து மேலே மண் மூடும் ஹூகல்கல்ச்சர் மேடு. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் வீடு புதுக்கோட்டைப் பக்கம். சரளை கலந்த செம்மண், ஊற்றிய தண்ணீரைத் தக்கவைக்காத நிலம். சித்திரை பிறந்தால் கிணற்றில் வாளி தரையைத் தட்டும்.

வளர்ப்புப் பையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழி. மண் தரை இருக்கும்போது அதன்மேல் பையை வரிசையாக நிறுத்துவது எனக்குப் புரியாத காரியம். கோடையில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் தக்காளிச் செடி தலை தொங்கி நிற்கும். பையும் வெயிலில் இற்றுப்போகும்.

செங்கல் பாத்தி மதிப்பான போட்டியாளர். என் அக்கா வீட்டில் இருக்கிறது. பார்க்க அழகு, களை குறைவு, முள்ளங்கி கோணாமல் இறங்குகிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் விளிம்பில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். செலவுதான் கடிக்கும். பத்தடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 80 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கிட்டத்தட்ட ஒரு யூனிட் மண்ணை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஏரி வண்டல் என்று சொல்லி வந்து இறங்குவதில் பாதி, எங்கோ வீடு இடித்த மண்ணாகக்கூட இருக்கும். அதே அளவு மேட்டில் அடிப்பாதியைக் கட்டைகள் அடைத்துக்கொள்வதால் மண் செலவு ஏறக்குறைய பாதியாகிறது.

ஆனால் நான் மேட்டின் பக்கம் சாய்ந்தது காசுக்காக இல்லை, தண்ணீருக்காக. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையைப் புகழ்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆளை ஏமாற்றிவிடுகிறார்கள். "மரம் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்" என்பார்கள். வெட்டிப் போட்ட புதுக்கட்டை அப்படியொன்றும் பிடிக்காது. பூஞ்சை ஊடுருவி, கட்டை நைந்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் அது நீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொடுக்கும். அதுவரை மேடு செங்கல் பாத்தியைவிடக் கூடுதலாகவே குடிக்கும். முதல் கோடையில் சலித்துப்போய் மேட்டைக் கலைத்துவிடுபவர்கள் இதனால்தான் கலைக்கிறார்கள்.

அடுத்தது வடிவம். இந்த முறையை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர். அவர் நடத்திய க்ராமெட்டர்ஹோஃப் பண்ணை ஆல்ப்ஸ் மலையில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே மேட்டை உயரமாக, செங்குத்தாக எழுப்புவதில் அர்த்தம் உண்டு: சரிவில் வெயில் விழும், குளிர்ந்த மண் சீக்கிரம் சூடேறும், காற்றும் தடுக்கப்படும். நம்மூரில் மண்ணைச் சூடாக்க யாருக்கு ஆசை? அதே உயரத்தை இங்கே எழுப்பினால் உச்சி காய்ந்து தூசி பறக்கும், ஊற்றும் நீர் சரிவில் வழிந்து வேலிக்கு ஓடும். ஆகவே நான் கட்டையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி, அதற்குள் பெருங்கட்டைகள், மேலே சிறு கிளைகள், சருகு, சாணம், மண். தரைக்கு மேலே முழங்கால் உயரம்கூட இல்லை. உச்சியைக் கூம்பாக்காமல் தட்டையாக விட்டு, சுற்றிலும் சிறு வரப்பு கட்டியிருக்கிறேன். கட்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மண்ணும் சாணக் கரைசலும் விட்டு அடைப்பது முக்கியம். காற்றறை இருந்தால் மண் உள்ளே சரியும், எலியும் குடிவரும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மேட்டை முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை கட்டைகளை இலவசமாக ஊற வைத்துவிடும். தையில் கட்டி மாசியில் நடுவது தண்ணீரை வீணடிப்பதுதான். ஊறி நைந்த கட்டை இரண்டாம் கோடையில் தன் வேலையைக் காட்டியது. அக்கா வீட்டுப் பாத்தியில் ஹாலோ பிளாக் சூடேறி ஓரத்து மண் காய்வதால் தினமும் ஊற்றுகிறார்கள். எங்கள் மேட்டில் மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு) கனமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதுகிறது, கத்தரி வாடுவதில்லை.

முதல் பருவத்தில் இன்னொரு சிக்கல், தழைச்சத்து (நைட்ரஜன்). நல்ல மட்கு உரத்துக்குக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் 25 முதல் 30-க்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும். மரத்தில் அது நூற்றுக்கணக்கில் போகும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் செடி வெளிறும். மரத்தூளைத் தவிர்த்துப் பெரிய கட்டைகளாகப் போட்டால் பாதிப்பு குறைவு. கிளைரிசிடியா தழை, ஆட்டுப்புழுக்கை ஆகியவற்றைத் தாராளமாகப் போட்டு, முதலில் தட்டைப்பயறும் கொத்தவரையும் விதைத்தேன். வெண்டை, கத்தரி, தக்காளி எல்லாம் பிறகுதான். ஓரத்தில் இறக்கிவிட்ட பூசணி, சொல்லாமலே வேலியேறியது.

கட்டை எது? முருங்கை, இலவம், வாதநாராயணன், மா நல்லவை. முருங்கையையும் கிளைரிசிடியாவையும் காயவைத்துத்தான் புதைக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் துளிர்த்து மேட்டையே தோப்பாக்கிவிடும். தேக்கு மட்க நாளாகும், தைலமரம் வேண்டாம். தென்னங்கட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் எங்கள் பக்கம் கேட்பாரற்றுக் கிடந்தது தென்னைதான். நீரை நன்றாகவே பிடிக்கும். ஆனால் மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பக்கத்தில் உயிரோடு நிற்கும் தென்னைகளின் குருத்தை அதிலிருந்து வளர்ந்து வரும் வண்டுகள்தான் துளைக்கும். தென்னை வைத்திருப்பவர்கள் தென்னங்கட்டையைத் தொடாமல் இருப்பது நல்லது. சாணக்குவியலும் அந்த வண்டுக்குப் பிடித்த இடம் என்பதால் மேட்டைக் கிளறும்போது வெள்ளைப் புழு தென்படுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

கரையான் வரும், தடுக்க முடியாது. ஈரம் இருக்கும்வரை அது செத்த மரத்தோடு நிற்கிறது. மேடு காய்ந்தால் மிளகாய் வேருக்குத் திரும்பும். வீட்டுச் சுவரை ஒட்டி மேடு போடவே கூடாது, நிலைக்கதவு போய்விடும். செங்கல் பாத்தியில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மேடு அமிழ்கிறது. ஆடிப் பட்டத்துக்கு முன் மட்கு உரமும் மண்ணும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையும் செங்கல் பாத்தியில் குறைவு.

நான் சொல்வதெல்லாம் வடிகால் உள்ள செம்மண்ணுக்கு. டெல்டாக் களிமண்ணில் செய்து பார்த்ததில்லை. ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் கொல்லையானால் குழி எடுக்காமல் தரைமேலேயே கட்டையடுக்கி முயன்று பார்ப்பேன். முள்ளங்கி, கருணை போன்ற கிழங்குகள்தான் வேண்டும் என்பவர்களும், கடப்பாரை பிடிக்க ஆளில்லாதவர்களும் செங்கல் பாத்தியையே கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்குள்ளும் அடியில் ஓரடிக்கு மரக்கட்டை போடுங்கள். வாங்கும் மண் பாதியாகும்.