குப்பியா, பாக்கெட்டா, தயிரா? ஆன்டிபயாடிக் சாப்பிடும் வயிற்றுக்கு எது?

போன மாதம் என் மகளுக்குத் தொண்டை வீங்கி, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். மூன்றாம் நாள் காலையில் பேதி தொடங்கியது. டாக்டருக்கு போன் செய்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லி, கூடவே ஒரு புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) குப்பியும் சொன்னார். மருந்துக்கடையில் அந்தக் குப்பி இல்லை. "இதுவும் அதேதான் சார்" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா, "இதெல்லாம் எதுக்குப்பா, தயிர் சோத்தைக் குழைச்சுக் கொடு" என்றார்.

குப்பி, பாக்கெட், தயிர் மூன்றையும் எல்லாரும் "நல்ல பாக்டீரியா" என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். அந்தப் பாக்கெட்டில் இருந்தது பாக்டீரியாவே இல்லை.

முதலில் குப்பி. 5 மில்லி பிளாஸ்டிக் குப்பி, கழுத்தைத் திருகினால் ஒடியும். உள்ளே அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இருக்கும். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் வகையில் பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் 200 கோடி இருக்கின்றன. ஸ்போர் என்பது விதை போன்ற உறக்க நிலை. ஓடு கெட்டி என்பதால் வெயிலையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அசைந்து கொடுக்காத ரகங்களாகப் பார்த்துத்தான் இதில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்கில் நடந்த 6 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், பேதி சுமார் 9 மணி நேரம் முன்னதாக நின்றது. கவனிக்க வேண்டும், அது தொற்றால் வந்த பேதி. என் மகளுக்கு வந்தது மருந்தால் வந்த பேதி.

பாக்கெட்டில் இருந்தது சாக்கரோமைசிஸ் பௌலார்டி, ஒரு ஈஸ்ட், அதாவது பூஞ்சை வகை. 1920களில் ஆன்றி பௌலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்தோசீனாவில் இருந்தபோது, காலரா பரவிய ஊரில் சிலர் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைப் பயன்படுத்திப் பேதியைச் சமாளிப்பதைக் கவனித்து, அதிலிருந்து பிரித்தெடுத்தது இது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர ஈஸ்ட்டைத் தொடாது. அதனால் மருந்தோடு சேர்த்தே கொடுக்கலாம். லாக்டோபசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளைக் கொடுத்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள்.

ஆகவே "அதேதான்" என்பது சரியில்லை. பொன்னியும் சீரகச் சம்பாவும் அரிசிதான். அதற்காகப் பிரியாணிக்குப் பொன்னியைப் போடுவோமா? ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு ரகம் செய்வதை இன்னொரு ரகம் செய்வதில்லை என்பது இந்தத் துறையில் பாலபாடம். லேபிளில் இனப்பெயருக்குப் பின்னால் ஜிஜி என்றோ ஒரு எண்ணோ இருந்தால் அதுதான் ரகத்தின் பெயர். அது இல்லாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை.

மருந்தால் வரும் பேதிக்கு இருப்பதில் பலமான சான்று 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பு, அதாவது பல சோதனைகளைச் சேர்த்து அலசிப் பார்க்கும் ஆய்வு. 33 சோதனைகள், 6,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குப் பேதி வந்தது, எடுக்காதவர்களில் 19 சதவீதம். இரண்டு பெயர்களை முன்னால் வைத்தார்கள்: லாக்டோபசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, அப்புறம் மேலே சொன்ன ஈஸ்ட். அளவு நாளுக்கு 500 கோடிக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் பேதி வருமுன் தடுக்கக் கொடுத்த கணக்கு. மூன்றாம் நாள் ஓடிப்போய் வாங்குவதைவிட முதல் வேளை மாத்திரையோடு தொடங்குவதுதான் இந்தச் சான்றுக்குப் பொருந்தும். எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

இதே ஜிஜியை ஆன்டிபயாடிக் இல்லாத சாதாரண வயிற்றுப்போக்கில் சோதித்தால் கதை மாறுகிறது. 2018இல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் பேதி நீடித்த நேரம் ஜிஜி எடுத்தவர்களுக்கு 49.7 மணி, வெறும் பொடி எடுத்தவர்களுக்கு 50.9 மணி. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். அதே ஆண்டு கனடாவில் வேறு இரண்டு ரகங்களைக் கலந்து 886 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அங்கும் பயனில்லை. ஆனால் அதற்கு நான்கு ஆண்டு முன்பு வேலூர் சிஎம்சியில், ரோட்டா வைரஸ் பேதி வந்த குழந்தைகளிடம் ஜிஜி மறுபடி பேதி வருவதைக் குறைத்தது. மருந்து ஒன்று, வயிறுகள் வேறு.

சரி, இவை எதுவுமே எடுக்காமல் சும்மா இருந்தால்? இதையும் ஒரு தேர்வாக வைத்துச் சோதித்தவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார். எரான் எலினாவ், எரான் சீகல் குழு 21 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 11 ரகங்கள் கலந்த புரோபயாடிக். இன்னொன்றுக்கு, மருந்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த அவரவர் சொந்த மலத்திலிருந்த நுண்ணுயிர்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. மலத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல், எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுக் குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். சொந்த நுண்ணுயிர்களைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார்கள். சும்மா இருந்தவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. புரோபயாடிக் எடுத்தவர்களின் குடல் மட்டும் ஐந்து மாதம் ஆகியும் திரும்பவில்லை. வந்த விருந்தாளி திண்ணையை விட்டு எழுந்திருக்காததால் வீட்டுக்காரர் உள்ளே வர முடியாமல் நின்ற கதை.

காக்ரேன் சொல்வதும் உண்மை, வைஸ்மன் சொல்வதும் உண்மை. ஒன்று அந்த வாரத்துப் பேதியை எண்ணியது, மற்றொன்று சில மாதங்கள் கழித்துக் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தது. 21 பேர் சிறிய எண்ணிக்கைதான், அந்தக் கலவையும் நம் பாக்கெட்டும் ஒன்றல்ல. ஆனாலும் "சும்மா ஒரு மாதம் போட்டுக்கங்க, நல்லதுதான்" என்ற பேச்சை அதற்குப் பிறகு என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோர்ஸ் முடியும் வரை கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது. அதற்கப்புறம் தொடர எனக்குக் காரணம் தெரியவில்லை.

புரோபயாடிக்கின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடந்த சோதனையைப் படித்தபோது கண் கலங்கியது. லாக்டோபசில்லஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றை, அதற்குத் தீனியான ஒரு நார்ச்சத்தோடு சேர்த்து, ஏழே நாள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் வெளிவந்தது. பிறந்த குழந்தையின் குடல் அப்போதுதான் உழுது போட்ட வயல், நாற்று பிடித்துக்கொள்ளும். நம் குடல் அப்படியல்ல. உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், பெரும்பாலும் பெருங்குடலில்தான். அந்தக் காட்டுக்குள் 200 கோடி என்பது ஒரு பிடி விதை.

தயிருக்கு வருகிறேன். பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அம்மா முந்தின நாள் தயிரை ஒரு கரண்டி விட்டு, ஒரு சுற்று கலக்கி மூடி வைப்பார். அதில் என்ன ரகம், எத்தனை கோடி என்று யாரும் எண்ணியதில்லை. வீட்டுக்கு வீடு மாறும். அதனால் மருந்துக்குப் பதில் மருந்தாக அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேதியில் பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குத் தெளிவான காரணம் உண்டு. தயிர்ப் பாக்டீரியாக்கள் கொண்டுவரும் நொதி பால் சர்க்கரையை உடைத்துவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு புரோபயாடிக் விளம்பர வாசகங்களை வரிசையாக நிராகரித்தபோது, 2010இல் யோகர்ட்டுக்கு இந்த ஒன்றை மட்டும் சான்று உள்ளதாக ஏற்றது. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்து 2021இல் வந்த சோதனையில், தயிர் போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை கூடியது, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஒன்று மட்டும்: மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் உயிரோடு எதுவும் மிஞ்சாது. இட்லியும் அப்படியே, ஆவியில் மாவின் பாக்டீரியாக்கள் போய்விடும்.

யாகுல்ட் மாதிரியான சின்னப் பாட்டிலில் ரகமும் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கும், 65 மில்லிக்கு 650 கோடி. ஆனால் அது குளிரிலேயே இருக்க வேண்டும், சர்க்கரையும் உண்டு. இரவில் ஃபிரிட்ஜை அணைக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மகளுக்கு டாக்டரிடம் மறுபடி கேட்டு அந்த ஈஸ்ட் பாக்கெட்டையே கொடுத்தேன். மருந்து முடிந்த அன்றே அதையும் நிறுத்தினேன். தயிர் சோறு மூன்று வேளையும் அம்மா ஊட்டினார்கள். அடுத்த தெருவில் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நெஞ்சில் மருந்துக் குழாய் வைத்திருக்கிறார்கள், மிச்சமிருந்த இரண்டு பாக்கெட்டைக் கொடுக்கலாம் என்று அம்மா எடுத்து வைத்தார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். எதிர்ப்புச் சக்தி குறைந்து, அப்படிக் குழாயும் இருப்பவர்களுக்கு அந்த ஈஸ்ட் இரத்தத்தில் கலந்துவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.