கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்: ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கப் பழக்கும் விளையாட்டு

கனடாவின் ஸ்டீல் கிரேட் கேம்ஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இந்தக் கணினி விளையாட்டில், திரைக்கு முன் அமர்பவருக்கு மட்டுமே வெடிகுண்டு தெரியும். அதைச் செயலிழக்கச் செய்யும் 23 பக்கக் கையேடு மற்றவர்களிடம் இருக்கும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பதால், எல்லாவற்றையும் பேசியே தீர்க்க வேண்டும். விளையாட்டை ஒருவர் வாங்கினால் போதும். கையேட்டை இணையத்தில் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் நாங்கள் விளையாடியபோது, திரைக்கு முன் நான் அமர்ந்தேன். முதல் குண்டுக்கு ஐந்து நிமிடம். மூன்று கம்பிகள் இருந்தன. "சிவப்புக் கம்பி இல்லாவிட்டால் இரண்டாவதை வெட்டு" என்று தம்பி விதியை வாசித்தபோது, அதே நேரத்தில் என் மனைவி குண்டின் வரிசை எண்ணைக் கேட்டதால், என் காதில் விழுந்தது "இரண்டாவதை வெட்டு" என்ற பின்பாதி மட்டுமே. சிவப்பு கண்ணெதிரே இருக்க, இரண்டாவதை வெட்டிவிட்டேன். ஒரு தவறு பதிவானதும் கடிகாரம் வேகமெடுத்தது. எங்கள் குரல்களும் உயர்ந்தன.

அதன் பிறகு, வாசிப்பவர் விதியைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்பது, வெட்டுபவர் "இரண்டாவது, நீலம், வெட்டப் போகிறேன்" என்று திருப்பிச் சொல்லி "ஆம்" வரும்வரை காத்திருப்பது என்று வைத்துக்கொண்டோம். இதற்குச் செலவாகும் இரண்டு விநாடிகள் எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கின்றன. 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் 173 விமானத்தின் தலைமை விமானி சக்கரக் கோளாற்றிலேயே மூழ்கியிருக்க, எரிபொருள் குறைவதை விமானி அறையில் இருந்த மற்ற இருவர் அழுத்திச் சொல்லாததால் விமானம் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கே தனிப் பயிற்சி வர அவ்விபத்து முக்கியக் காரணம். அதை எண்ணித்தான், எங்களில் பதறாதவரான அம்மாவிடம் கடிகாரத்தை மட்டும் கவனித்து, மீதி நேரத்தை உரக்கச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தோம்.

குறையும் உண்டு. ஒரு புதிர் முழுக்க முழுக்க 'ரெட்', 'ரீட்' போன்று ஒலியால் குழப்பும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டது; எழுத்தெழுத்தாகச் சொன்னாலொழிய நகராது, ஆங்கிலம் பழகாதவர்களை அது ஒதுக்கிவிடுகிறது. கையேடு ஒருவருக்கு மனப்பாடமாகிவிட்டால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். அப்போது அவரைத் திரைக்கு முன் அமர்த்துங்கள். நால்வருக்கு மேல் சேர்க்க வேண்டாம்; ஐந்தாமவர் வந்ததும் கையேடு கைமாறுவதிலேயே நேரம் போய்விடுகிறது.