லிச்செஸ் ஸ்டடி: ஏழு பேருக்கு ஒரு பலகை

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் இரு முனைகளிலும் வசிக்கும் நாங்கள் ஏழு பேர், கணினியின் துணையோடுதான் ஆடுவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்ட ஒருவரை எதிர்த்து, ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் நான்கு மாதங்கள் ஒரே சதுரங்க ஆட்டத்தை ஆடினோம். அவர் பக்கம் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் இருந்தது. எங்கள் பக்கம் ஏலக்காய்க் கடைக் கணக்கர், ஜீப் ஓட்டுநர், வண்டிப்பெரியாற்றுப் பள்ளி ஆசிரியர், இன்னும் நால்வர் இருந்தோம். நகர்த்தல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டோம். எங்களுக்குள் ஆலோசிப்பதற்கு மட்டும் லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் ‘ஸ்டடி’ வசதியைப் பயன்படுத்தினோம். இங்கு மதிப்பிடுவது அதைத்தான்.

ஸ்டடி என்பது பலர் ஒரே நேரத்தில் காய்களை நகர்த்திப் பார்க்கக்கூடிய பொதுப் பலகை. ஒருவர் சொல்லும் வழி ஒரு கிளையாகவும், மற்றவரின் மறுப்பு அதிலிருந்து பிரியும் கிளையாகவும் பதிவாகும். குறிப்பு எழுதினால் எழுதியவரின் பெயரும் உடன் நிற்கும். டீக்கடை விவாதத்தில் உரக்கப் பேசுபவரின் யோசனைதான் வெல்லும், மறுநாள் அது யாருடையது என்பதே மறந்துபோகும். இங்கு அப்படியில்லை. மூன்று வாரங்களுக்கு முன் ஓட்டுநர் அண்ணன் சொல்லி நாங்கள் சிரித்து ஒதுக்கிய குதிரை நகர்த்தலைத் தேடி எடுத்துப் பயன்படுத்தியதும் இதனால்தான்.

நான் மிகவும் மெச்சுவது அமைப்புகள் பகுதியை. கணினி ஆய்வை யார் பயன்படுத்தலாம் என்பதை ஸ்டடியை உருவாக்குபவரே தீர்மானிக்கலாம்; ‘எவரும் கூடாது’ என்று வைத்தோம். தனியே வேறு பக்கத்தைத் திறந்து பார்ப்பவரை எந்த அமைப்பாலும் தடுக்க முடியாதுதான். ஆனாலும் யாருக்குச் சாதகம் என்று கணினி காட்டும் எண்கள் விவாதம் நடக்கும் பலகையில் தெரியாதபோது, ஏழு பேரும் நிலையைப் பார்த்துப் பேசினோமே தவிர, எண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஸ்டடியை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதாகவும் வைத்துக்கொள்ளலாம். 1999இல் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ், பல நாட்டவர் வாக்களித்து நகர்த்திய ‘உலக அணி’யோடு இணையத்தில் ஆடி 62 நகர்த்தல்களில் வென்றபோது, அந்த அணியினர் வெளிப்படையாக நடத்திய விவாதங்களைத் தாம் படித்து வந்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார் என்பதை நினைத்தால், இந்த வசதியின் அருமை புரியும்.

வாக்கெடுப்புக்கு இதில் இடமில்லை. அதற்கு வாட்ஸ்அப்பையே நம்பினோம். எழுதும் உரிமை பெற்றவர் பிறரின் கிளையையும் அழிக்கலாம் என்பதால், உரிமையை எண்ணிக் கொடுக்க வேண்டும். ஏழு பேருக்கும் கொடுத்தது எங்கள் தவறு. இரண்டாம் வாரத்தில் ஒருவர் கைதவறி ஆசிரியரின் ஒரு மணி நேர உழைப்பை நீக்கிவிட்டார். அதன்பின் மூவர் மட்டும் எழுத, மற்றவர்கள் அரட்டைப் பெட்டியில் கருத்துச் சொன்னார்கள்.

ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவியின் பயன் அதில்தான் தெரிந்தது. கணக்குப் போடுவதில் இயந்திரத்தை வெல்ல இயலாது என்பதால், நடுப்பலகையில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும் மூடிய நிலையை நாடினோம். குதிரைக்கு ஈடாக எங்கள் யானையை இழந்த பிறகும், அவருடைய யானைகள் நுழைய ஒரு வரிசைகூடத் திறக்கவில்லை. தம்முடைய மென்பொருள் இரண்டு சிப்பாய்களுக்கும் மேலான சாதகத்தை விடாமல் காட்டியதாக அவர் பின்னர் சொன்னார். ஆனால் உடைக்க முடியாத அரணை உடைக்க முடியாதது என்று உணர்வதில் இத்தகைய மென்பொருள்கள் சில வேளைகளில் தடுமாறுகின்றன. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இரு தரப்பும் ஐம்பது நகர்த்தல்களைக் கடந்தால் சமநிலை கோரலாம் என்பது விதி. இருபதைத் தாண்டியதும் அவரே சமநிலைக்குக் கேட்டார்.

இத்தனைக்கும் கட்டணமில்லை, விளம்பரமில்லை. தளம் நன்கொடையில் நடக்கிறது. கிளைகள் பெருகினால் கைப்பேசியைவிடப் பெரிய திரை நல்லது. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள், அதாவது தனித்தனிப் பலகைகள், வரை வைக்கலாம். நாங்கள் இரண்டாவதைத் திறந்திருக்கிறோம், இம்முறை கறுப்புக் காய்களுடன்.